திரையில் முப்பரிமாணம்: நம் இளைஞர் முதலில் கற்க வேண்டுவது எது?

சென்ற கல்வியாண்டின் இறுதியில் மாணவர் ஒருவரின் தந்தையார் எம் துறைக்கு வந்திருந்தார். சலாம் கூறி அமர்ந்தவர், இளங்கலை முடித்த தம் மகன் கணிப்பொறி அசைவூட்டம், அதாவது ‘அனிமேஷன்’, படிக்க விரும்புவதாகச் சொன்னார். பயிற்சி நிலையம் ஒன்று கேட்கும் கட்டணத்தைச் செலுத்த வீட்டு நகையை அடகு வைக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். “இது பொம்மைப் படந்தானே சார், இதில் பிழைப்பு உண்டா?” என்பது அவர் வினா. அன்று நான் அளித்த விடை எனக்கே நிறைவு தரவில்லை. அவரைப் போன்ற பெற்றோர் நம்மிடையே பலர் உளர். ஆதலின் பின்னர் எண்ணிப் பார்த்தவற்றை இம்மலர் வாயிலாக முன்வைக்க விழைகின்றேன்.

முப்பரிமாண அசைவூட்டம் என்றவுடன் தனிக் கண்ணாடி அணிந்து பார்க்கும் படத்தையே பலர் நினைக்கின்றனர். ஈண்டு நாம் பேசுவது அதனை அன்று. நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்றும் உடைய உருவத்தைக் கணிப்பொறிக்குள் படைத்து, எத்திசையினின்றும் காணுமாறு அதனை இயங்கச் செய்யும் கலையே இது. முதலில் நுண்ணிய பலகோணங்களாலான வலைபோல உருவம் அமைப்பர். அதனுள் எலும்புக்கூடு பொருத்துவர். மேலே தோல், துணி, மரம் எனப் பரப்பின் தன்மையைப் பூசுவர். பின் அசைவும் ஒளியும் ஊட்டுவர். இறுதியில் ஒவ்வொரு படச்சட்டத்தையும் கணிப்பொறி கணக்கிட்டு வரைந்து தரும். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள். எனவே 90 நிமிடப் படத்திற்கு 1,29,600 சட்டங்கள் வேண்டும். முழுவதும் கணிப்பொறியிலேயே உருவான முதல் முழுநீளப் படமாகிய ‘டாய் ஸ்டோரி’ 1995-இல் வெளிவந்தது.

இவ்வளவையும் கணிப்பொறியே செய்கிறதெனில் கலைஞனுக்கு என்ன வேலை? ஊருணியிலிருந்து இடுப்பில் குடம் தாங்கி வரும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். குடம் நிறைந்திருந்தால் அவள் உடல் மறுபுறம் சாயும், வெறுங்கை விலகி வீசும், அடி குறுகும். குடம் வெறுமையாயின் நடையே வேறு. முக்கியமான நிலைகளைக் கலைஞன் அமைத்துவிட்டால் இடைநிலைகளைக் கணிப்பொறி நிரப்பித் தரும். ஆனால் குடத்தில் நீர் உண்டா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. அது சமவேகத்தில் நிரப்பும் அசைவு, காற்றில் மிதக்கும் காகிதக் குடத்தையே காட்டும். எங்கே தயங்க வேண்டும், எங்கே விரைய வேண்டும் என்பதை உற்று நோக்கிய கண்ணே சொல்ல வேண்டும்.

ஒளியைப் பற்றிய கல்வியும் இத்தகையதே. பஸ்ராவில் 965-ஆம் ஆண்டளவில் பிறந்த இப்னுல் ஹைதம், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாக நிலவிய பழங்கொள்கையை மறுத்தார். பொருளினின்று வரும் ஒளியே கண்ணை அடைகின்றது என நிறுவினார். இன்றைய கணிப்பொறியோ, கண்ணை அடையாத கதிர்களையெல்லாம் கணக்கிட்டுக் காலத்தை வீணாக்காமல், பார்வையிலிருந்து பின்னோக்கி ஒளியின் வழியைத் தேடிச் செல்லும் முறையைக் கையாள்கின்றது. கணக்கின் திசை மாறினும், அதன் அடியில் நிற்பது அப்பேரறிஞர் வகுத்த ஒளியியலே.

இந்த ஒளியியலைக் கண்ணால் கற்கச் செட்டிநாட்டைவிடச் சிறந்த பள்ளி ஏது? வளவின் திறந்த முற்றத்தில் விழும் வெயில் காலையில் ஒரு தூணையும் மாலையில் மற்றொரு தூணையும் தொடுகின்றது. முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் அதனை மென்மையாகத் திருப்பி அனுப்புகின்றது. பர்மாத் தேக்கில் செதுக்கிய நிலைக்கதவின் பள்ளங்களில் நிழல் தங்குகின்றது. கண்ணாடிப் பலகையின்மேல் வண்ணக் கலவை ஊற்றி வார்க்கப்படும் ஆத்தங்குடிக் கல், அக்கண்ணாடியின் வழவழப்பைத் தன் முகத்தில் ஏற்றுக்கொள்கின்றது. இவற்றைக் காண உலகெங்குமிருந்து பயணிகள் வருகின்றனர். நம் பிள்ளைகளோ நாள்தோறும் நோக்காமலே கடந்து செல்கின்றனர்.

இத்துறை தமிழகத்திற்குப் புதியதன்று. சென்னையின் பென்டாமீடியா கிராஃபிக்ஸ் நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலேயே ‘பாண்டவாஸ்’ என்னும் முழுநீள முப்பரிமாணப் படத்தை ஆங்கிலத்தில் உருவாக்கித் தேசிய விருது பெற்றது. தினத்தந்தியின் ‘கன்னித்தீவு’ வாயிலாகத் தமிழர் வீட்டுப் பிள்ளையாகிவிட்ட சிந்துபாத்தைக் கொண்டு, நடிகரின் உடலசைவைப் பதிவு செய்யும் முறையில் அந்நிறுவனம் படைத்த படமும் அதே ஆண்டில் வந்தது. அப்படமும் ஆங்கிலமே பேசிற்று. தமிழில் ‘இனிமே நாங்கதான்’ 2007-இலும், சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கிய ‘கோச்சடையான்’ 2014-இலும் வெளிவந்தன. ‘கோச்சடையா’னில் 2009-இல் மறைந்த நாகேஷின் உருவமும் மீண்டும் திரையில் தோன்றியது. அம்முயற்சியின் துணிவைப் பாராட்டியோர் பலர். எனினும் முகங்களில் உயிர்ப்புக் குறைவு என்ற குறையும் கூறப்பட்டது. நடிகரின் அசைவைக் கருவி கொண்டுவந்து சேர்த்துவிடும். அதில் உயிர்ப்பை ஏற்ற, தேர்ந்த கண்ணும் கையும் போதிய காலமும் வேண்டும் என்பதே இதில் நாம் பெறும் பாடம்.

கைத்திறன் மட்டும் இருந்தாலும் போதாது. புதுவையில் தொடங்கும் கதையைக் கொண்ட ‘லைஃப் ஆஃப் பை’ (2012) படத்தின் புலியைக் கணிப்பொறியில் படைத்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம், 2013 பிப்ரவரியில் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருது பெற்றது. ஆனால் அதே மாதத்தில்தான் அது திவால் மனுவும் தாக்கல் செய்திருந்தது. பிறர் கதைக்குக் கூலிக்கு உழைப்போர் நிலை, உலகப் புகழின் உச்சியிலும் இவ்வளவு நிலையற்றது. செயற்கை நுண்ணறிவு படம் வரையத் தொடங்கிவிட்ட இந்நாளில், மென்பொருளை இயக்க மட்டும் அறிந்தவரின் நிலை இன்னும் நலிவுறும் என்றே அஞ்சுகின்றேன்.

பொருள்வளம் இல்லையே என்பார்க்கு இரு சான்றுகள் காட்டலாம். ஒன்று இவ்வூரினது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னையை விட்டு வந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார், காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் படப்பிடிப்புக் கூடம் அமைத்தார். ஏ.வி.எம். நிறுவனம் 1945-இல் தோன்றியது. 1947-இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ இங்கேதான் எடுக்கப்பட்டது. 1948-இல்தான் அது சென்னைக்குப் பெயர்ந்தது. மற்றொன்று, மக்கள்தொகை இருபது இலட்சத்தையும் எட்டாத லாட்வியா நாட்டினது. அங்கே கின்ட்ஸ் சில்பலோடிஸ் என்னும் இளைஞர் சிறு குழுவுடன் ‘ஃப்ளோ’ என்னும் உரையாடலற்ற படத்தை உருவாக்கினார். எவரும் விலையின்றிப் பெறத்தக்க ‘பிளெண்டர்’ மென்பொருளிலேயே அது உருவானது. 2025-இல் சிறந்த அசைவூட்டப் படத்திற்கான ஆஸ்கர் விருதும் பெற்றது.

ஆகவே அத்தந்தையாருக்கு இன்று நான் கூறும் விடை இதுவே. ஐயா, நகையை அடகு வைக்க வேண்டா, சற்றுப் பொறுங்கள். மகன் கையில் ஒரு வரைபடச் சுவடி கொடுங்கள். ஆறு திங்கள் நாள்தோறும் அவன் வரையட்டும். சந்தையில் மூட்டை தூக்குவோரையும், குளிர் காற்றில் முதியோர் துண்டு போர்த்துவதையும், ஆடு குதிப்பதையும் நோக்கி வரையட்டும். விலையில்லா மென்பொருளில் ஒரு நிமிடக் கதை ஒன்றை முடித்துக் காட்டட்டும். முடித்தானாயின் அவன் ஆர்வம் மெய். அதன்பின் செலவிடுவது வீணாகாது. பாதியில் கைவிட்டானாயின் உங்கள் பொருள் தப்பியது.

நம் பொறுப்பும் ஒன்றுண்டு. தமிழ்த்துறை மாணவர் கதை எழுத, கணிப்பொறித் துறை மாணவர் உருவமைக்க, ஆண்டுக்கு ஒரு குறும்படமேனும் இக்கல்லூரியிலிருந்து வெளிவரல் வேண்டும். மருத்துவத்திற்கும் பொறியியலுக்கும் உதவித்தொகை வழங்கும் சமுதாயப் பெரியோர், ஓவியம் பயில விழையும் பிள்ளையையும் கைதூக்கிவிட முன்வரல் வேண்டும். நம் குழந்தைகள் தொலைக்காட்சியில் நாள்தோறும் காணும் உருவங்களில் பெரும்பாலானவை நம் மொழியில் பின்னர்க் குரல் கொடுக்கப்பட்டவை. ஊருணிக் குடத்தின் கனம் அறிந்த உருவம் ஒன்றையும் அவர்கள் அத்திரையில் காணும் நாள் வர வேண்டும் என்பதே என் விழைவு.