தேடினால் கிடைக்காத கடல்

முதுகலை மாணவி ஒருவர் நெய்தல் பாடல்கள் குறித்த தமது ஆய்வேட்டின் ஓர் இயலை அண்மையில் நம்மிடம் திருத்தத்திற்குக் கொடுத்தார். தாம் எடுத்துக்கொண்ட தொகையில் 'கடல்' என்னும் சொல் அருகியே வழங்குகிறது, ஆகவே அத்தொகைக்குக் கடலைவிடக் கழியும் கானலுமே முதன்மை என்று அதில் வாதிட்டிருந்தார். வாதம் கவர்ச்சியாகத்தான் இருந்தது. சான்று எது என்று கேட்டோம். மின்னூலில் 'கடல்' என்று தட்டச்சிட்டுத் தேடியதாகச் சொன்னார். அச்சு நூலை எடுத்துச் சில பக்கங்களைப் புரட்டினோம். கடல் இருந்தது. ஆனால் 'கடலின்' என்றும் 'கடலொடு' என்றும் 'கடற்' என்றும் உருமாறி இருந்தது. அவற்றில் ஒன்றுகூட அவர் கணக்கில் ஏறவில்லை.

பிழை மாணவியுடையது மட்டுமன்று. இலக்கணத்தில் மெய்யெழுத்தே அடிப்படை. 'ல்' உடன் ஒகரம் சேர்ந்தால் 'லொ' ஆகிறது. ஒருங்குறியிலோ அகரமேறிய 'ல' தான் அடிப்படை. அதன்மேல் புள்ளி என்னும் தனிக்குறி வந்தால் 'ல்' ஆகும், ஒகரக்குறி வந்தால் 'லொ' ஆகும். எனவே 'கடல்' என்பதன் இறுதியில் உள்ள புள்ளி 'கடலொடு' என்பதில் இல்லை. கணினியைப் பொறுத்தவரை முன்னது பின்னதன் பகுதியே அன்று. தொல்காப்பியர் ஓர் எழுத்தைக் கண்ட இடத்தில் எந்திரம் வேறொன்றைக் காண்கிறது.

தேடுபொறி என்பது நாம் நினைப்பதுபோல் மாயமன்று. மெய்லிசர்ச் போன்ற திறமூலத் தேடல் மென்பொருள்களின் அடித்தளத்தில் இருப்பது ஒருவகைச் சாவிக்கொத்து. ஒரு சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் திருப்பித் தரும் எளிய சேமிப்பகம் அது. சொல் சாவி, அச்சொல் வரும் இடங்களின் பட்டியல் மதிப்பு. தமிழாசிரியருக்கு இது புதிதன்று. இதைத்தான் நாம் சொல்லடைவு என்கிறோம். உ.வே.சா. தம் பதிப்புகளின் இறுதியில் சேர்த்த அரும்பத அகராதிகளும், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ்ச் சொல்லடைவும், தாமஸ் லெமனும் தாமஸ் மால்டனும் 1992இல் வெளியிட்ட சங்க இலக்கியச் சொல்லடைவும் செய்த பணி இதுவே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அடைவு செய்தவர்கள் சொல்லைப் பிரித்தறிந்து சாவி செய்தார்கள். எந்திரமோ இடைவெளி கண்ட இடத்தில் வெட்டிக்கொள்கிறது.

சாவிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதால் முன்னொட்டு ஒத்த சொற்களை ஒருங்கே எடுக்கலாமே என்று கணினித்துறை நண்பர்கள் கேட்பார்கள். எடுக்கலாம். 'மரம்', 'மரத்தை' இரண்டுக்கும் பொதுவான 'மர' என்பதைக் கொடுத்தால் மரபும் மரணமும் வரும். ஒருங்குறியின் இயல்பால் மருந்தும் மருமகளும் கூட வருவார்கள். விகுதி களையும் நிரல்களும் இல்லாமலில்லை. போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் 2019இல் வெளியான தன் 12ஆம் பதிப்பிலேயே தமிழுக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. பாராட்ட வேண்டிய முயற்சிதான். ஆனால் சொல்லின் வாலைக் களைவதால் மட்டும் புணர்ச்சி அவிழாது. 'நாண்மலர்' என்பதில் 'நாள்' இருப்பதை அறிய நன்னூலைக் கற்ற நிரல் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பிரிப்பது என்பதே பொருள் கொள்வதுதான். 'வேங்கை' ஒரு சொல்லாகவும் நிற்கும், 'வேம் கை' எனவும் பிரியும் என்று மாணவர்க்குப் பொதுமொழி கற்பிக்கிறோம். இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து மற்றதை மறைக்கும் தரவுத்தளம் ஓர் உரையாசிரியரின் வேலையை உரையாசிரியர் பெயரில்லாமல் செய்கிறது. ஆகவே இரு பிரிப்புகளும் சாவிகளாக இருக்கட்டும். யார் கொண்ட பிரிப்பு என்பது மதிப்போடு சேர்ந்து நிற்கட்டும். பாடபேதங்களை அடிக்குறிப்பில் காட்டிய பதிப்பாசிரியர்களின் நேர்மை எந்திரத்துக்கும் வேண்டும். அதனாலேயே இது திறமூலமாக இருக்க வேண்டும் என்கிறோம். இலவசமாகக் கிடைக்கும் என்பதற்காக மட்டுமன்று. எந்த விதிப்படி ஒரு சொல் கிடைத்தது, எந்த விதியால் கிடைக்காமல் போனது என்பதைப் படிப்பவர் திறந்து பார்க்கவும் திருத்தவும் இயல வேண்டும்.

இப்பணிக்கான மூலப்பொருள் நம் காலடியில்தான் இருக்கிறது. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டூர்புரத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகம். ஒரே பேருந்துப் பயணத்தில் இறங்கி ஏறக்கூடிய தொலைவு. இணையத்திலோ 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் இருக்கின்றன. தன்னார்வலர்கள் கைவலிக்கத் தட்டச்சிட்டுத் தந்தவை அவை. அவர்கள் செய்ததற்கு மேல் நம் தமிழ்த்துறைகள் என்ன செய்தன?

நாம் கோருவது பெரிதன்று. ஆண்டுதோறும் துறைகளில் குவியும் ஆய்வேடுகளில் சிலவேனும் ஒரு நூலை எடுத்து, அதன் ஒவ்வோர் அடியையும் சொற்பிரித்து, பிரித்ததன் விதியையும் குறித்து, பொதுவில் வைக்கட்டும். எழுத்ததிகாரத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் மாணவர்க்கு அதன் பயன் அன்றுதான் விளங்கும். நிரல் எழுதப் பொறியாளர்கள் வருவார்கள். விதி சொல்ல நாம்தான் போக வேண்டும்.

இல்லாவிடில் நடக்கப்போவது எளிது. 'கிடைக்கவில்லை' என்று எந்திரம் சொல்வதை 'இல்லை' என்று நம் மாணவர்கள் எழுதுவார்கள். அதை மேற்கோள் காட்டி அடுத்தவர் எழுதுவார். ஓலைச்சுவடிகளைச் செல்லிடமிருந்தும் தீயிடமிருந்தும் ஒரு தலைமுறை காத்தது. காத்துத் தந்த சொற்களை ஒரு தேடுபெட்டியில் தொலைத்த தலைமுறையாக நாம் இருந்துவிடலாகாது.

அந்த மாணவி இப்போது கையால் எண்ணிக்கொண்டிருக்கிறார். கடல் பெருகிக்கொண்டே போகிறதாம்.