யாருகிட்ட சொல்றது?

சென்ற பாடசாலை விடுமுறையில் படுவான்கரையில் எங்கள் வீட்டில் இருந்தேன். மலையகத் தோழர்கள் பலருக்கு இந்தப் பக்கம் பழக்கமில்லை. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரம் எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமான பக்கம் படுவான்கரை. 1977 கலவரத்தில் லயத்தையும் வளர்த்த கோழிகளையும் விட்டுவிட்டு இங்கே இறங்கி வந்த குடும்பங்களில் என் தாத்தாவின் குடும்பமும் ஒன்று. நான் பிறந்தது வாவிக்கரையில். ஆசிரியை நியமனம் கிடைத்ததோ பதுளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில். தாத்தா இறங்கி வந்த மலைக்கு நான் செங்கலடியில் பஸ் பிடித்து ஏறிப் போகிறேன்.

ஒரு நாள் மாலை பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். சாதாரண தரம் எழுதிவிட்டு உடுப்புத் தைக்கும் ஆலை ஒன்றுக்கு வேலைக்குப் போகிறவள். விடியுமுன் கம்பனி பஸ் வரும், இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு சொன்னாள். மேற்பார்வையாளர் மெஷினுக்குப் பின்னால் வந்து நின்று தோளில் கை வைக்கிறாராம். தட்டிவிட்டால் அன்றைக்கு டார்கெட் கூடுமாம். எல்லார் முன்னாலும் "தோட்டக்காட்டாள்" என்று கூப்பிடுகிறாராம்.

"ஆபீசில சொல்லேன் தங்கச்சி" என்றேன்.

"ஆபீசில இருக்கிறவர் அவரோட மச்சான் அக்கா. யாருகிட்ட சொல்றது?"

அந்த ஆலையின் பெயரை எழுத மாட்டேன். அவள் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். ஆனால் இத்தனை வருடம் சங்க வேலை செய்த எனக்கு அன்றைக்கு அவளிடம் சொல்ல ஒரு பதில் இல்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். இந்தக் கட்டுரை அந்த யோசனைதான்.

நம் பாட்டன் பூட்டன் ஊர் எது என்று கேட்டால் பலர் "மதுரை ஜில்லா" என்பார்கள். அந்த மதுரையிலிருந்து 1985இல் பிரிந்த மாவட்டம்தான் திண்டுக்கல். அங்கே நாச்சி அப்பேரல் என்ற உடுப்பு ஆலையில் வேலை செய்த ஒரு இளம்பெண் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டாள். தலித் குடும்பத்துப் பிள்ளை. வேலை செய்துகொண்டே மேற்படிப்பும் படித்தவள். கொன்றவன் அவளுடைய மேற்பார்வையாளன், ஆதிக்க சாதிக்காரன். பல மாதங்களாக அவன் கொடுத்த தொல்லை கூட வேலை செய்தவர்களுக்குத் தெரியும். விசாரிக்கப் போனபோது, இந்த ஒருத்திக்கு மட்டும் நடந்ததல்ல, அந்தத் தளத்தில் அது வழக்கமாகவே இருந்தது என்று தெரிய வந்தது. உலகப் பெயர் பெற்ற கடைகளுக்கு உடுப்புத் தைத்த ஆலை அது. அங்கேயும் தணிக்கைக்காரர்கள் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

சாதியை ஒதுக்கிவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் கேட்க ஊரில் யாருக்குத் துணிவு வரும் என்ற கணக்கு அவன் தைரியத்துக்குள் இருந்தது. நம் படுவான்கரைப் பிள்ளையைத் "தோட்டக்காட்டாள்" என்று கூப்பிடுகிறவனிடமும் அதே கணக்குத்தான் இருக்கிறது. கையை வைப்பதற்கு முன், இவளுக்கு ஆள்பலம் இல்லை என்று ஊருக்கு அறிவிக்கிறான்.

அந்த ஆலையில் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற சங்கம் இருந்தது. 2013இல் தொடங்கியது. தலைமையில் இருப்பவர்கள் பெண்கள், பெரும்பாலோர் தலித் பெண்கள். தலைவி திவ்யராகிணி. கொலைக்குப் பிறகு கண்ணீர் அஞ்சலியோடும் நட்டஈட்டோடும் அவர்கள் நிற்கவில்லை. வேறு நாட்டுத் தொழிலாளர் அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு ஓராண்டுக்கு மேல் போராடி, 2022 ஏப்ரலில் ஆலை முதலாளியான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் கம்பனியோடு ஒப்பந்தம் செய்தார்கள். திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். உடுப்பை வாங்கும் எச் அண்ட் எம்மும், பிறகு காப், பிவிஎச் கம்பனிகளும் தனியாகக் கையெழுத்திட்டன. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் வாங்குகிறவர்கள் வியாபாரத்தில் கை வைக்க வேண்டும். பாலியல் தொல்லை மட்டுமல்ல, சாதியைச் சொல்லி ஒதுக்குவதும் வெளியூர்க்காரி என்று ஒதுக்குவதும் அதில் தடை.

நமக்கு முக்கியம் அது நடக்கும் விதம். தளத்திலேயே தையல் வேலை செய்யும் பெண்களைச் சங்கம் தெரிவு செய்து பயிற்சி கொடுத்தது. பக்கத்து மெஷினில் இருப்பவளிடமே முறைப்பாட்டைச் சொல்லலாம். அவள் அதை எடுத்துக்கொண்டு நிர்வாகத்தின் முன் உட்காரும் உரிமை எழுத்தில் இருக்கிறது. சொன்னவளைப் பழிவாங்கக்கூடாது என்பதும் எழுத்தில் இருக்கிறது. முதல் ஆண்டில் 185 முறைப்பாடுகள் வந்தன, 182 தீர்ந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள் தீர்ந்தன. 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை அந்த ஆலையின் உடுப்புகளைத் தடுத்தது, செப்டம்பரில் தடையை விலக்கியது. ஒப்பந்தம் வேலை செய்கிறது என்று காட்ட முடிந்ததால் ஆலையும் தப்பியது, வேலையும் தப்பியது.

இதைப் படித்துவிட்டு ஒரு தோழர் என்னிடம் சொன்னார்: "அது கார்மென்ட்ஸ் டீச்சர், நம்மது கொழுந்து." சரி, கொழுந்துக்கே போவோம். 2015 செப்டம்பரில் கேரளத்து மூணாறில் கண்ணன் தேவன் கம்பனியின் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள், நம்மைப் போலவே நூறாண்டுக்கு முன் மலையேறியவர்களின் பேத்திகள், ரோட்டில் வந்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் தலித் பெண்கள். கம்பனி போனசை 10 வீதமாகக் குறைத்தது. அவர்கள் 20 வீதம் கேட்டார்கள். ஒன்பது நாளில் வாங்கினார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கம்பனி மேல் இருந்த அதே கோபம் அவர்களுக்குத் தங்கள் சங்கத் தலைவர்கள் மேலும் இருந்தது. ஆதரவு சொல்ல வந்த ஆண் தலைவர்களைக் கிட்டே சேர்க்கவில்லை. நம் சங்க இதழில் இதை எழுதுவது சிலருக்குப் பிடிக்காது. ஆனால் நடந்தது அதுதான்.

பிறகு அந்தப் பெண்களுக்குள் பிளவு வந்தது, இயக்கம் தேய்ந்தது. அதையும் மறைக்கக்கூடாது. கோபம் ஒன்பது நாள் ரோட்டில் நிற்கும். பத்தாவது நாள் கொழுந்து மடுவத்தில் கிலோ வெட்டினால் யாரிடம் சொல்வது என்பதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும். மூணாறில் அது நிலைக்கவில்லை. திண்டுக்கல்லில் அது எழுத்திலேயே இருந்தது.

நம்மிடம் என்ன இருக்கிறது? மலையில் நிற்பது பெண்கள். பேர் போடுவது ஆண், தராசு பிடிப்பது ஆண், தோட்டத் தலைவர் ஆண். மாதர் தலைவி என்று ஒருவர் இருப்பார், பெரும்பாலும் மே தினத்துக்கு ஆள் திரட்ட. எதிர்த்துப் பேசினவளுக்குச் செங்குத்தான மலை, அல்லது அரைப்பேர். சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் என்னிடம் வந்து கங்காணியைப் பற்றிச் சொன்னார். நான் தலைவரிடம் கொண்டுபோனேன். தலைவர் சிரித்தார். "அவ கீழ் லயத்துப் பிள்ளைதானே டீச்சர்" என்றார். கீழ் லயம் என்றால் என்ன என்று தோட்டத்தில் பிறந்த யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பிரட்டுக்களத்தில் நாம் எல்லாரும் தொழிலாளி. கல்யாண வீட்டில், கோயில் திருவிழாவில், முறைப்பாடு கேட்கும்போது மட்டும் குடியானவன் யார், மற்றவன் யார் என்று நினைவு வந்துவிடுகிறது. அந்தத் தாய் அடுத்த வருடம் குவைத்துக்குப் போய்விட்டார். நான் அத்தோடு விட்டேன். அது என் தவறு.

சட்டம் இல்லாமல் இல்லை. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சாதியைக் காட்டித் தடுப்பதைக் குற்றமாக்கியது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு திருத்தப்பட்டு, வேலைத்தளத்தில் நடப்பது உட்படப் பாலியல் தொல்லைக்கு ஐந்து வருடம் வரை சிறை என்று ஆனது. 1938 என்ற மகளிர் உதவி இலக்கம் இருக்கிறது, அழையுங்கள். ஆனால் விடியுமுன் பஸ் ஏறி இருட்டிய பின் இறங்கும் பிள்ளை எந்த நேரத்தில் பொலிசுக்குப் போவாள்? போனாலும், மறுநாள் அதே மெஷினில்தான் உட்கார வேண்டும்.

மட்டக்களப்பில் வீடும் வளவும் மகளுக்குத்தான் போகும். சீதனமாகக் கொடுக்கும் வீட்டுக்கு அவளே சொந்தக்காரி. வைகாசி வந்தால் ஊருக்கு ஊர் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி பாடுகிறோம். நீதி கேட்டு அரசனின் சபைக்கே போனவளைக் குளிர்விக்கிறோம். எனக்கு ஒவ்வொரு வருடமும் அந்தச் சடங்கில் கண் கலங்கும். கூடவே, அவள் கேட்டதற்குப் பதில் சொல்வதைவிட அவளைக் குளிர்விப்பதில்தான் நமக்குக் கைப்பழக்கம் அதிகம் என்றும் தோன்றும். "பொறுத்துக்கோ, குடும்ப மானம்" என்பதும் குளிர்த்திதான்.

கம்பனிகள் 2021இல் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு வெளியேறின. மறுபடி மேசைக்கு வரும் நாளில் நம் சங்கம் சம்பளத்தோடு இதையும் கொண்டுபோக வேண்டும்: ஒவ்வொரு கொழுந்துக் கூட்டத்துக்கும் ஒரு பெண் பிரதிநிதி, ஏழு நாளுக்குள் எழுத்தில் பதில், முறைப்பாடு சொன்னவளின் மலையையும் பேரையும் மாற்றக்கூடாது. நம் தேயிலையை வாங்கிப் பொதி செய்கிறவர்களும் அதில் கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தம் வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. பிரதிநிதியைத் தெரிவு செய்வது நம் கையில் இருக்கிறது. அந்தக் கூட்டத்துப் பெண்கள் தாங்களே தெரிவு செய்ய வேண்டும். தலைவர் நியமிக்கக்கூடாது. தலைவரின் மனைவி, மைத்துனி கூடாது. கீழ் லயத்துப் பெண்ணுக்கும் வாக்கு உண்டு, போட்டியிடும் உரிமையும் உண்டு.

இது சங்கத்தை உடைக்கும் வேலை என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் சந்தாப் புத்தகத்தை எடுத்து, அதில் எத்தனை பேர் பெண்கள் என்று எண்ணுங்கள். பிறகு கிளைக் கமிட்டியை எண்ணுங்கள். இந்த இதழின் ஆசிரியர் குழுவையும் நான் எண்ணிப் பார்த்தேன். அதை இங்கே எழுதினால் கட்டுரை வெளிவராது.

பக்கத்து வீட்டுத் தங்கச்சியிடம் போன வாரம் தொலைபேசியில் பேசினேன். அவளுடைய வரிசையில் மூன்று பிள்ளைகள் சேர்ந்து ஒரு கொப்பியில் திகதி, நேரம், பேசிய வார்த்தை என்று எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களை மட்டக்களப்பு நகரில் ஒரு சட்டத்தரணியிடம் கூட்டிப்போக ஒரு போயா நாள் பார்த்திருக்கிறோம்.

நம் கிளையில் பிரதிநிதித் தீர்மானத்தை அடுத்த பொதுக் கூட்டத்தில் நான் முன்மொழிகிறேன், வழிமொழிய இரண்டு அக்காமார் சம்மதித்திருக்கிறார்கள். கூட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு என்று அறிவித்திருந்தார்கள். சமையல் நேரத்தில் எந்தப் பெண் வருவாள் என்று கேட்டேன். மாலை மூன்று மணிக்கு மாற்றியிருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள், பாடசாலை மண்டபத்தைத் திறந்து வைக்கிறேன்.