வேலை ஒன்றுமில்லை, சும்மா போய்வருகிறோம்



விடுமுறை இதழ் உங்கள் கைக்கு வருகிறது. எங்கே போகலாம், எந்த ரயிலில் போகலாம், எங்கே தங்கலாம் என்ற விவரமெல்லாம் வழக்கம்போல உள்ளே இருக்கிறது. இந்தப் பக்கத்தில் மட்டும் வேறொரு கூட்டத்தாரைப் பற்றிச் சொல்ல ஆசை. இவர்கள் லீவு போடுவார்கள், விமானச் சீட்டு வாங்குவார்கள், மலை ஏறுவார்கள், சேற்றில் இறங்குவார்கள். எல்லாம் எதற்கு? யாரோ எங்கோ ஒளித்துவைத்த ஒரு டப்பாவைத் தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்புவதற்கு! பரிசு கிடையாது, பணம் கிடையாது, கைதட்டவும் ஆள் கிடையாது.

ஜியோகேச்சிங் என்பது இந்த விளையாட்டின் பெயர். ஒருவர் டப்பாவை ஒளித்து, அந்த இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் இணையத்தில் போடுகிறார். மற்றவர்கள் கைபேசியோ ஜிபிஎஸ் கருவியோ கொண்டு தேடிப் போகிறார்கள். உள்ளே சின்னச் சின்னப் பொருட்கள் இருந்தால் ஒன்றை எடுக்கலாம். எடுத்தால் அதற்கு ஈடாக ஒன்றை வைக்க வேண்டும். ஒரு டப்பாவுக்கும் அடுத்ததற்கும் இடையில் குறைந்தது 161 மீற்றர் இருக்க வேண்டும். அனுமதியில்லாமல் மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. வழிப்போக்கர் கண்ணில் படாமல் எடுத்து, படாமல் வைக்க வேண்டும். இன்று 190க்கு மேற்பட்ட நாடுகளில் இப்படி 30 இலட்சத்துக்கும் அதிகமான டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றன. இலங்கையிலும் உண்டு.

இதற்காக எவ்வளவு தூரம் போவார்கள் என்று கேட்டால், தூரத்துக்கு ஒரு கணக்கே இல்லை. ஒரு நாட்டில் ஒரு டப்பாவைக் கண்டுபிடித்தால் போதும், அவர்களுடைய உலகப் படத்தில் அந்த நாட்டுக்கு நிறம் ஏறிவிடும். அதற்காகவே விமானம் மாறும் இடைவேளையில் வெளியே ஓடிப்போய், ஒரு டப்பாவைப் பிடித்துவிட்டு மூச்சிரைக்க அடுத்த விமானத்துக்கு வந்து சேர்பவர்கள் இருக்கிறார்கள். 2001இல் 'பிளானட் ஒஃப் த ஏப்ஸ்' படத்தின் விளம்பரத்துக்காகச் சில பெட்டிகள் ஒளித்துவைக்கப்பட்டன. அவற்றில் ஒன்று பிரேசில் நாட்டுக் காட்டுக்குள் இருந்தது. அந்த ஒரு பெட்டிக்காகக் கண்டம் தாண்டிப் போனவர்கள் உண்டு. 2008இல் விண்வெளிக்குப் போன ரிச்சர்ட் காரியட், சர்வதேச விண்வெளி நிலையத்தையே ஒரு டப்பா இருக்கும் இடமாக்கிவிட்டு வந்தார். 2013இல் அங்கே போன விண்வெளி வீரர் ரிக் மஸ்ட்ராக்கியோ அதைக் 'கண்டுபிடித்தேன்' என்று பதிவும் போட்டார். 2021 பெப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய பெர்சவரன்ஸ் ஊர்தியின் ஒரு கருவியில்கூட இந்த விளையாட்டுக்கான குறியீடு ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது.

வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று நாம் சிரிக்கலாம். சிரிக்குமுன் நம் வீட்டுப் பெரியவர்களையும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம். வைணவர்களின் 108 திவ்விய தேசங்களில் 105 இந்தியாவில் இருக்கின்றன. ஒன்று நேபாளத்து மலையில் இருக்கும் முக்திநாத். மீதி இரண்டும், அதாவது பாற்கடலும் பரமபதமும், பூமியிலேயே இல்லை. முழங்கால் வலியோடு முக்திநாத்துக்கு ஏறி, "106 முடிஞ்சுது, மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லும் ஆச்சிமாரிடம் இந்த டப்பாக்காரர்கள் தோற்றுப்போவார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஆச்சிக்குப் புண்ணியம் கிடைக்கிறது. டப்பாக்காரருக்கு அதுவும் இல்லை. அவர் போனது சும்மா.

அந்தச் 'சும்மா' பற்றித்தான் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன்.

விளையாட்டுப் பிறந்த நாளைப் பாருங்கள். அதுவரை அமெரிக்க இராணுவம் பொதுமக்களுக்குக் கிடைக்கும் ஜிபிஎஸ் சைகையில் வேண்டுமென்றே பிழை கலந்து விட்டிருந்தது. கருவி காட்டும் இடம் 100 மீற்றர் வரை தள்ளிப் போகலாம். ஜனாதிபதி கிளின்டன் அந்தத் தடையை நீக்க, 2000 மே 2ஆம் திகதி முதல் சைகை துல்லியமானது. அடுத்த நாள், மே 3ஆம் திகதி, ஒரெகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்ற கணினி ஆலோசகர் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் வாளியைக் காட்டோரத்தில் வைத்தார். ஒரு குறிப்புப் புத்தகம், பென்சில், சில புத்தகங்கள், மென்பொருள், ஒரு கவண், ஒரு டின் அவரைக்கொட்டை. இப்படியானவைதான் உள்ளே இருந்த புதையல். மே 6ஆம் திகதிக்குள் இரண்டு பேர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதே 2000 மே 3ஆம் திகதிதான் இங்கே புதிய அவசரகால விதிகள் வர்த்தமானியில் வந்தன. போரில் ஆனையிறவு இராணுவ முகாம் வீழ்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஒரெகனில் ஒருவர் வாளியை ஒளித்துவைத்து விளையாடிய அந்த நாளில், கொழும்பில் யாருமில்லாத ஒரு பையைப் பஸ்ஸில் கண்டால் சனம் இறங்கி ஓடும். ஜிந்துப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, சுற்றிவளைப்பு, "எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய்" என்ற கேள்வி. அந்தக் கேள்விக்கு 'சும்மா' என்பது பதிலாகாது. சாவீடு, கல்யாணம், வைத்தியம், விசா என்று ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும். கையில் கடிதமும் இருந்தால் நல்லது.

நாம் தூரம் போகாதவர்கள் அல்ல. எவ்வளவோ போயிருக்கிறோம். வடக்கிலிருந்து படகிலும் காட்டுப் பாதையிலும் வந்தோம். பாஸ் எடுத்துக்கொண்டு வந்தோம். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களைத் தட்டியெழுப்பி, பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அது நின்றது. சூரிச், டொரண்டோ, லண்டன் வரைக்கும் போனோம். ஆனால் இவையெல்லாம் காரணம் துரத்தப் போன பயணங்கள். காரணமே இல்லாமல் புறப்படுவது ஒரு சொகுசு. அந்தச் சொகுசு ஒரு தலைமுறைக்கு நம்மிடம் இருக்கவில்லை. பழக்கம் விட்டுப்போனதால், கிடைத்த பிறகும் எடுத்து அனுபவிக்கத் தெரியாமல் இருக்கிறோம் என்று எனக்குப் படுகிறது.

இது எனக்குப் புரிந்தது சுவிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த ஓர் உறவுப் பையனால். மாமா, வாங்கோ என்று பின்னேரம் ஒன்றில் என்னை இழுத்துக்கொண்டு போனான். கடற்கரைப் பக்கம் ஓர் இடம். எந்த இடம் என்று சொன்னால் ஆட்டம் கெட்டுவிடும். கைபேசியைப் பார்த்து, "இன்னும் 40 மீற்றர், மாமா" என்றான். பிறகு 12. பிறகு கருவி சொல்வதை நிறுத்திவிட்டது, கண்தான் தேட வேண்டும் என்றான். கம்பி வேலியின் கீழ்ப்புறத்தைத் தடவினான். சீமெந்துக் கட்டின் விளிம்பில் விரலை ஓட்டினான். நான் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது த்ரீவீலை நிறுத்திவிட்டு நின்ற சாரதி, என்ன தேடுகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார்: "மொனவத மாத்தயா ஹொயன்னே?"

என் கை தானாகவே சட்டைப் பைக்குப் போய் அடையாள அட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தது. அவர் கேட்டது சாதாரணமாகத்தான். ஏதும் தொலைத்துவிட்டோமோ, உதவலாமோ என்ற கேள்வி. "நிக்கங், மல்லி" என்றேன். 'சும்மா, தம்பி' என்று அர்த்தம். அவர் சிரித்துவிட்டுத் தானும் குனிந்து தேடத் தொடங்கினார். எதைத் தேடுகிறோம் என்று அவருக்குத் தெரியாது!

பையனின் கைக்குக் கடைசியில் அது அகப்பட்டது. காந்தம் ஒட்டிய, கட்டைவிரல் பருமனுள்ள ஒரு குப்பி. மூடியைத் திருகினால், சின்னப் பொலித்தீன் பைக்குள் சுருட்டிய ஒரு தாள். கடற்காற்றின் ஈரத்தில் ஓரம் பொதுமிப்போயிருந்தது. அதில் வரிசையாகப் பெயர்களும் திகதிகளும். சில ஜேர்மன் மொழியில், சில எனக்குப் புரியாத எழுத்தில். உலகின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்தவர்கள், நான் தினம் நடக்கும் இடத்தில் குனிந்து நிமிர்ந்து, பெயரெழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். பையன் என் பேனையை வாங்கித் தன் பெயரையும் எழுதி, தாளைச் சுருட்டி, குப்பியைப் பழையபடி ஒட்டினான். "இவ்வளவுதானா?" என்றேன். "இவ்வளவுதான், மாமா" என்றான். முகமெல்லாம் சந்தோஷம்.

சரி, நாமும் தொடங்கலாமா? தொடங்குவதற்கு டப்பாகூட வேண்டாம் என்பதே என் யோசனை. 1996இல் அலெக்ஸ் ஜரெட் என்ற அமெரிக்கர் இன்னொரு விளையாட்டைத் தொடக்கிவைத்தார். அகலக்கோடும் நெடுங்கோடும் முழுப் பாகையில் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளைத் தேடிப் போவதுதான் அது. புள்ளிக்கு 100 மீற்றருக்குள் போய், நான்கு திசையிலும் படமெடுத்தால் போதும். நம் தீவின் நிலப்பரப்பில் அப்படி ஐந்து புள்ளிகள் விழுகின்றன. வடக்கு 7, கிழக்கு 80 நமக்கு மிகக் கிட்டியது. தெல்கொடைப் பக்கம், கொழும்புக் கோட்டையிலிருந்து நேர்கோட்டில் 20 கிலோமீற்றருக்குள். 7, 81 பதுளைக்குச் சற்று மேற்கே. 8, 80 புத்தளத்துக்குக் கிழக்கே. 8, 81 பொலன்னறுவைக்கு வடக்கே. ஐந்தாவதான 9, 80 மன்னார்ப் பெருநிலத்தில், திருக்கேதீசுவரத்துக்கு வடகிழக்கே சில கிலோமீற்றரில் விழுகிறது.

எனக்குப் பிடித்தது அந்த ஐந்தாவதுதான். போரில் அழிந்துபோன தலைமன்னார் ரயில் பாதை 2015 மார்ச்சில் முழுமையாகத் திரும்பவும் திறக்கப்பட்டது. திருக்கேதீசுவரத்துக்கென்றே அந்தப் பாதையில் ஒரு நிலையம் இருக்கிறது. பாடல் பெற்ற தலத்தில் கும்பிட்டுவிட்டு, கேட்பவர்களுக்கு 'கோயிலுக்கு வந்தோம்' என்று காரணமும் சொல்லிவிட்டு, பிறகு காரணமில்லாத அந்தப் புள்ளியைத் தேடிப் போகலாம். அங்கே என்ன இருக்கும்? கம்பமோ கல்லோ இருக்காது. வயலோ பற்றையோ வெறும் வெளியோ இருக்கும். அங்கே போய் நின்று நாலு பக்கமும் பார்ப்பதுதான் முழு விஷயமும்.

ஆனால் சில புத்திமதிகளைச் சொல்லாமல் விட முடியாது. அது போர் நடந்த மண். ஊர்க்காரரிடம் கேட்காமல் பாதையை விட்டு இறங்காதீர்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் திரும்பிவிடுங்கள். அடுத்தவர் காணிக்குள் புள்ளி விழுந்தால் அனுமதி கேளுங்கள். வேலிக்கு வெளியே நின்று திரும்பினாலும் குறைச்சல் இல்லை. நகரத்தில் நீங்களாக எதையும் ஒளித்துவைக்க நினைத்தால், குறிப்பாக வணக்கத்தலங்களின் பக்கம், அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கிட்ட யாரோ விட்டுப்போன டப்பாவை எவரும் விளையாட்டாகப் பார்க்க மாட்டார்கள். பார்க்கவும் கூடாது.

எதையும் ஒளித்துவைக்காமல் விளையாடவும் வழி இருக்கிறது. ஜியோகேச்சிங்கிலேயே பெட்டியில்லாத வகை உண்டு. இடத்துக்குப் போய், அங்கே மட்டும் காணக்கூடிய ஒன்றைப் பார்த்து, கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். எங்கள் ஜிந்துப்பிட்டிக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் வாசலில் ஒரு கேள்வி. புனித தோமையார் ஆலயத்து மேட்டில் ஒரு கேள்வி. 1902இல் தொடங்கிய விவேகானந்த சபை இருக்கும் விவேகானந்தா மேட்டில் ஒன்று. செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களில் ஒன்று. நகைக் கடைக்கும் மூட்டை சுமப்பவர்களுக்கும் நடுவே நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியும், நாம் கடந்து போன கட்டடங்களில் எத்தனை ஆண்டு இலக்கங்களைப் படிக்காமலே விட்டிருக்கிறோம் என்று.

பஸ் கட்டணம் இருக்கிற நிலையில் சும்மா போவதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றவர்கள் கேட்க வேண்டிய கேள்வியும்தான். அதனால்தான் தூரத்தை நான் பெரிதாக எடுக்கவில்லை. பிரேசிலுக்குப் போனவர் அனுபவித்ததும், தெல்கொடை வரை பஸ்ஸில் போய் வந்தவர் அனுபவித்ததும் ஒன்றே: அன்றைய நாள் எதற்கும் கணக்குக் காட்டத் தேவையில்லாமல் போயிற்று. பிள்ளைகளுக்கு ரியூஷன் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். எங்கே போகிறோம் என்று அவர்கள் கேட்டால், எண்களை மட்டும் சொல்லுங்கள். மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

போய்வந்தவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். ஐந்து புள்ளிகளில் எதற்குப் போனாலும் சரி, உங்கள் தெருவிலேயே இதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தாலும் சரி. ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். படம் இருந்தால் அனுப்புங்கள். நல்லவற்றை அடுத்த இதழில் போடுகிறோம். ஒரேயொரு நிபந்தனை: ஏன் போனீர்கள் என்று மட்டும் எழுதாதீர்கள். அதைக் கேட்க எங்களுக்கும் உரிமையில்லை, வேறு யாருக்கும் இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்
ஜிந்துப்பிட்டி, கொழும்பு 13