பூங்காவுக்கு அடியில் ஒரு ஊர்

கட்டடக் கலைஞர்களும் நிலவடிவமைப்பாளர்களும் மாநாடு கூட்டினால், வழிகாட்டியோடு ஊர் சுற்றிப் பார்ப்பதும் நிகழ்ச்சி நிரலில் இருக்கும். நியூயார்க் என்றால் சென்ட்ரல் பூங்காவைத் தவிர்க்க முடியாது. ஓம்ஸ்டெட், வாக்ஸ் இருவரின் திட்டம் 1858இல் போட்டியில் வென்றது. அந்த இடத்தை அரசு காலி செய்தது அதற்கு முந்தைய ஆண்டு. சுற்றிக்காட்டுபவர்கள் அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும் என்பேன்.

பூங்காவின் மேற்குப் பக்கம், 82ஆம் தெருவிலிருந்து 89ஆம் தெரு வரை, செனெகா வில்லேஜ் இருந்தது. 1825 முதல் கறுப்பின மக்கள் சொந்தக் காசில் மனை வாங்கி எழுப்பிய ஊர். மூன்று தேவாலயங்கள், ஒரு பள்ளி, 1855இல் சுமார் 225 பேர். அன்று நியூயார்க்கில் கறுப்பின ஆண் வாக்களிக்க 250 டாலர் சொத்து வேண்டும். வெள்ளையருக்கு அந்த நிபந்தனை இல்லை. மனை போனால் வாக்கும் போகும்.

பத்திரிகைகளோ அவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று எழுதின. (தோழர்களே, எங்கோ கேட்ட சொல்லாக இல்லை?) 2011இல் அங்கே தோண்டியபோது வீட்டின் அடித்தளச் சுவர், இரும்புக் கெட்டில், சீனப் பீங்கான் துண்டுகள், ஒரு சின்னக் காலணி எல்லாம் கிடைத்தன. 2019இல் தகவல் பலகைகள் வைத்தார்கள். நல்லதுதான், ஆனால் பலகை வழிப்போக்கருக்கு. தொழில் கற்க வருபவருக்கு, நிலம் எப்படிக் காலியானது என்பதும் வடிவமைப்புப் பாடமே. கட்டடவியல் படிப்பவர்கள் இப்படியொரு சுற்றில் சேர்ந்தால், மரங்களைப் பற்றிக் கேட்கும் முன் பட்டா யார் பெயரில் இருந்தது என்று கேளுங்கள்.