வாடகையே தவணை கட்டுமா?

"வாடகையை வைத்தே தவணையைக் கட்டிவிடலாம் சார்" என்பார் சென்னை ஓஎம்ஆர் சாலையின் ஃபிளாட் புரோக்கர். கணக்குப் போட்டுப் பாருங்கள். 75 லட்ச ரூபாய் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 60 லட்சம் தரும். எட்டரை சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 52,000. வாடகை 20,000 வந்தாலே அதிர்ஷ்டம்; அதிலும் பராமரிப்புச் செலவு, சொத்து வரி, ஆள் மாறும்போது பூட்டிக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் கழியும். முதல் வருடத் தவணைகளில் ஐந்து லட்சத்துக்கு மேல் வட்டிக்கே போய்விடும். வரிச் சலுகை இருக்கிறதே என்பார்கள். பழைய வருமான வரி முறையில், வாடகையை மிஞ்சும் வட்டியால் வரும் வீட்டு நஷ்டத்தைச் சம்பளத்தில் இரண்டு லட்சம் வரை கழிக்கலாம். புதிய முறையில் அதுவும் கிடையாது. (புரோக்கர் இன்னும் பழைய முறையிலேயே இருக்கிறார்.)

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஒன்று செய்யலாம். வட்டி ஏறினால் வங்கிகள் பெரும்பாலும் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிடும். தவணையை உயர்த்தவோ காலத்தை நீட்டவோ தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைத் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-லேயே சொல்லிவிட்டது. கேட்டு வாங்குங்கள். மாறும் வட்டிக் கடனில் தனிநபர் முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை. போனஸ் பணம் முதலில் அசலுக்குப் போகட்டும், இரண்டாவது ஃபிளாட்டின் முன்பணத்துக்கு அல்ல.