பெரட்டுக்களத் தீர்ப்பு!

தோட்டப்புறத்தில் ஒருவன் மனைவி அகாலமாய் மாண்டால் போலீஸ் வருமுன்னே பெரட்டுக்களத்தில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். "வேறொருத்தியோடு சகவாசம் இருந்ததே, இவன்தான் முடித்திருப்பான்!" பால் வாளியைக் கழுவுவதற்குள் தூக்குக் கயிறும் தயார்!

கொழும்பு நகரமும் 1951ல் இப்படித்தான் பேசிற்று. மகாதேவ சதாசிவம், நம் தமிழர், இலங்கைக் கிரிக்கெட் அணியின் தலைவராயிருந்தவர். பிற்பாடு நமது மலாயா அணிக்கும் தலைமை வகித்தவர். வேறொரு பெண்ணின் தொடர்பால் குடும்பம் கெட்டு, மனைவி விவாகரத்து கேட்டிருந்தார். அக்டோபர் 9ந் தேதி அந்த அம்மையார் பம்பலப்பிட்டி வீட்டின் கார் கொட்டகையில் பிணமாகக் கிடந்தார். நான்கு பெண் குழந்தைகளின் தாய். ஊர் அவருக்காக அழுததைவிடப் புருஷனின் சரசத்தைப் பேசியதே அதிகம்!

வேலைக்காரப் பையன், "ஐயா கொன்றார், நான் தூக்க உதவினேன்" என்றான். அவனுக்கு மன்னிப்புக் கொடுத்து அரசுத் தரப்புச் சாட்சியாக்கினார்கள். ஆனால் சதாசிவம் காலை பத்தரை மணியளவில் டாக்சியில் வெளியேறியவர். உயிர் பிரிந்தது அதற்கு முன்பா, பின்பா? 57 நாள் விசாரணையும் இதைச் சுற்றியே நடந்தது. தொழிலாளர் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். எடின்பரோவிலிருந்து சர் சிட்னி ஸ்மித் என்ற மருத்துவ நிபுணரே வந்து சாட்சி சொன்னார். 1953 ஜூன் 25ல் விடுதலை! அதற்குள் இருபது மாதம் சிறையில் கழிந்துவிட்டது.

தாலி கட்டியவளை அழவிட்டவருக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. துரோகம் வேறு, கொலை வேறு!

நாம் கேட்பது இதுதான். புக்கிட் பெருந்துங் பக்கத்துப் பால்வெட்டுக்காரன் இப்படிச் சிக்கினால் எடின்பரோ நிபுணருக்கு எங்கே போவான்? ரிமாண்டிலே 14 நாள் வரை வைக்கலாம். வெட்டு நின்றால் கூலியும் நின்றது, பிள்ளைகள் பட்டினி. இதிலே லயத்துக்காரர்களின் வதந்தி வேறு!

சட்டம் ஒன்றும் இல்லாமலில்லை. கைதான காரணத்தைச் சொல்லவேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விடவேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். அரசியலமைப்பின் 5ஆம் விதி இது. 2012 முதல் தேசியச் சட்ட உதவி அறவாரியம் ரிமாண்டில் இருக்கும் குடிமகனுக்கு இலவசமாக வழக்கறிஞரைத் தருகிறது. மரண தண்டனைக்குரிய வழக்கானால், வக்கீல் இல்லாதவனுக்கு நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும்.

இதையெல்லாம் லயத்திலே எத்தனை பேருக்குத் தெரியும்? கிராணிமார்களே, ஆபீஸ் பலகையில் விடுமுறைப் பட்டியல் ஒட்டுகிறீர்களே, அதன் பக்கத்திலேயே இதையும் தமிழில் எழுதி ஒட்டுங்கள்!