ஊதியத்தை முன்பே பேசுவோம்!



மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு முழம் பூ வாங்கினாலும் விலை கேட்காமல் நாம் வாங்குவதில்லை. தாராவி 90 அடிச் சாலையில் ஒரு கிலோ வெங்காயம் வாங்க இரண்டு கடை ஏறி இறங்குகிறோம். செம்பூரில் ஓர் அறை பிடிப்பதென்றால் டெபாசிட் எவ்வளவு, வாடகை எவ்வளவு, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று துருவித் துருவிக் கேட்கிறோம். ஆனால் நம் உழைப்பை, நம் வாழ்நாளையே, விலைக்குக் கொடுக்கப் போகும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டு போகிறோம். ஏன்?

சம்பளம் கேட்டால் வந்த வேலையும் போய்விடுமோ என்ற அச்சம். சேர்த்துவிட்ட ஊர்க்காரர் மனம் வருந்துவாரே என்ற கூச்சம். "வேலை கிடைத்ததே பெரிது, பார்த்துப் போட்டுக் கொடுப்பார்கள்" என்ற நம்பிக்கை. இந்த மூன்றும் சேர்ந்து நம் குடும்பங்களுக்கு எவ்வளவு நட்டம் ஏற்படுத்துகின்றன என்று நாம் கணக்குப் போட்டதுண்டா?

பேசாமல் போவது நமக்குப் புதிதன்று. நம் மூதாதையரை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்துச் சென்ற கங்காணி, கூலியைப் பேசி அழைத்துச் செல்லவில்லை. முன்பணக் கடனைத் தலையில் ஏற்றி அழைத்துச் சென்றான். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் அந்தக் கடனை எழுதிய "துண்டு" என்ற சீட்டும் கூடவே போகும். புதிய தோட்டம் கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொள்ளும். ஆடு மாடு கைமாறுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழிப்பதற்கு 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மலேயாவில் என்ன நடந்தது? இரப்பர்த் தோட்டங்களில் சீனத் தொழிலாளிக்கு ஒரு கூலி, தமிழனுக்கு அதைவிடக் குறைந்த கூலி. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, சீனருக்குச் சமமான கூலி வேண்டும் என்பது அவர்களது முக்கியக் கோரிக்கைகளுள் ஒன்று. வெள்ளைத் துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கமாட்டோம் என்பதும் அதே பட்டியலில் இருந்தது. கூலியும் மானமும் வேறு வேறு அல்ல என்பதைப் பால்வெட்டுத் தொழிலாளி அன்றே அறிந்திருந்தான்.

இந்தப் பம்பாய்க்கு வருவோம். பஞ்சாலைகளில் ஆள் எடுப்பது ஒரு காலத்தில் ஜாபரின் கையில் இருந்தது. அவனுக்குக் கையூட்டுக் கொடுத்தால்தான் வேலை. கொடுத்து உள்ளே போனவன் சம்பளத்தைப் பற்றி வாய் திறப்பானா? 1966-இல் சிவசேனை தோன்றியபோது, அலுவலகங்களில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்களை "மார்மிக்" இதழ் பட்டியல் போட்டு வெளியிட்டது. மதராசி குறைந்த சம்பளத்துக்கு வந்து நம் பிழைப்பைக் கெடுக்கிறான் என்ற பேச்சும் அந்நாளில் இந்நகரத்தில் அடிபட்டது. குறைத்துக் கொடுத்தவன்மீது எவரும் கோபப்படவில்லை. குறைத்து வாங்கியவன்மீதே பழி விழுந்தது. இதை நாம் மறந்துவிடலாகாது.

1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். ஓராண்டைக் கடந்து நீண்ட அந்தப் போராட்டம் தோல்வியில் முடிந்தது. பல்லாயிரம் பேர் வேலை இழந்தனர். ஆலைகள் நின்ற இடத்தில் இன்று வணிக வளாகங்கள் நிற்கின்றன. ஆலை இருந்தவரை தொழிலாளிக்காகப் பேசச் சங்கம் இருந்தது. இன்று நம் பிள்ளைகள் போகும் கால் சென்டரிலும், கூரியர் கிடங்கிலும், மாலிலும், சிறு பட்டறையிலும் பெரும்பாலும் சங்கம் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் கம்பெனி; இந்தப் பக்கம் நம் பிள்ளை ஒருவன் மட்டும். ஆகவேதான், சேரும் முன் பேசும் அந்தப் பத்து நிமிடம் முன் எப்போதையும்விட இன்று முக்கியமாகிவிட்டது.

முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள். கணக்கைப் பாருங்கள். 18,000 ரூபாய் கேட்டுப் பெறக்கூடிய ஒரு வேலைக்கு, வாய் திறக்காமல் 15,000-க்கு ஒருவன் சேருகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் இருவருக்கும் உயர்வு. வேறுபாடு மாதம் 3,000-த்தோடு நிற்குமா? நிற்காது. உயர்வும் அந்தக் குறைந்த தொகையின்மேல்தானே வருகிறது! ஐந்தே ஆண்டுகளில் மொத்த இழப்பு இரண்டு லட்சத்து இருபதாயிரத்தை நெருங்கிவிடும். ஒரு நிமிடம் கூச்சப்பட்டதன் விலை, ஒரு பிள்ளையின் கல்லூரிப் படிப்பு! அதோடும் விடுவதில்லை. அடுத்த கம்பெனிக்குப் போனால், "பழைய சம்பளச் சீட்டைக் காட்டு" என்கிறான். பழைய கோணல் புதிய இடத்துக்கும் நம்மோடு வருகிறது.

பேசியவர்களும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "சி.டி.சி. மாதம் 20,000" என்பார்கள். அதைக் கையில் வரும் பணம் என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். அடிப்படைச் சம்பளம் 10,000 என்றால், முதலாளி கட்டும் வருங்கால வைப்பு நிதி 1,200 ரூபாய், கிராஜுவிட்டிக்கு ஒதுக்கும் ஏறக்குறைய 480 ரூபாய் எல்லாம் அந்த 20,000-க்குள்ளேயே அடக்கம். நம் பங்கு வைப்பு நிதி 1,200, மராட்டிய மாநிலத் தொழில் வரி 200 கழித்தால் கைக்கு வருவது 16,900 அளவுதான். ஈ.எஸ்.ஐ. இருந்தால் இன்னும் குறையும். வைப்பு நிதி நம் பணம்தான்; வீணாகிவிடாது. ஆனால் அரிசி, வாடகை, ரயில் பாஸ் எல்லாம் கைக்கு வரும் பணத்தில்தானே நடக்க வேண்டும்? எனவே கேட்க வேண்டிய கேள்வி "சம்பளம் எவ்வளவு?" என்பது மட்டுமன்று. "அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, கையில் எவ்வளவு?" என்பதே.

எப்போது பேசுவது, எப்படிப் பேசுவது? "நீ வேண்டும்" என்று அவர்கள் சொன்ன பிறகு, "வருகிறேன்" என்று நாம் சொல்வதற்கு முன்பு. அந்த இடைவெளியில்தான் நம் சொல்லுக்கு மதிப்பு. சேர்ந்து ஒரு மாதம் கழித்துக் கேட்டால், "அன்றே கேட்டிருக்கலாமே" என்பார்கள். போகும் முன், அதே வேலை பார்க்கும் இரண்டு மூன்று பேரிடம் என்ன கிடைக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கடனையும் தங்கை திருமணத்தையும் சொல்லிக் கேட்காதீர்கள். அது இரக்கம் கேட்பது. நமக்குத் தெரிந்த வேலையைச் சொல்லிக் கேளுங்கள். அது விலை கேட்பது. உடனே பதில் சொல்லவும் வேண்டாம். "வீட்டில் கலந்து பேசி நாளைக் காலை சொல்கிறேன்" என்பது மரியாதைக் குறைவு ஆகாது. சம்பளம் ஏறாது என்று திட்டமாகச் சொன்னால், வார விடுமுறை, ஓவர்டைம், வேலை நேரம், ஆறு மாதத்தில் உயர்வு என்று மற்றவற்றைப் பேசுங்கள். கையில் கடிதம் வரும்வரை பழைய வேலையை விடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் தொழிற்சங்கங்கள் எதிர்க்கும் பகுதிகள் பல உண்டு. எனினும் நமக்குக் கைகொடுக்கும் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் தரப்பட வேண்டும். வேலையைவிட்டு நின்றால் இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும். ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பது கூடாது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும்.

தாராவிப் பட்டறைகளில் பலவற்றில் பத்துப் பேர் இல்லையே என்பீர்கள். உண்மைதான். ஆனால் கைப்பேசி இல்லாத தொழிலாளி இன்று எத்தனை பேர்? "அண்ணாச்சி, நேற்றுப் பேசியபடி மாதம் 18,000, ஞாயிறு விடுமுறை, திங்கட்கிழமை வந்துவிடுகிறேன்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். "சரி" என்று ஒரு சொல் பதில் வந்தால் போதும். காற்றில் போன பேச்சு கணக்கில் ஏறிவிடும்.

வீட்டில் இருந்தபடி பீஸ் வேலை எடுக்கும் தாய்மார்களுக்கும் இது பொருந்தும். ஒரு டஜனுக்கு எவ்வளவு, நூல் யாருடையது, கெட்டுப்போன பீசுக்குப் பிடித்தம் உண்டா என்பதை மூட்டையை வாங்கும் முன் கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்ன ரேட் என்பதையும் கேளுங்கள். காண்டிராக்டர் ஆளுக்கொரு ரேட் சொல்லிப் பிழைப்பது, நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் மறைப்பதனால்தான்.

அடுப்பில் உலை ஏறாத வீட்டுக்காரன் எப்படிப் பேரம் பேசுவான் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பசித்தவனைக் குற்றம் சொல்ல நாம் வரவில்லை. அவன் ஒரு வாரம் பொறுத்திருந்து நல்ல கூலிக்குப் போவதற்குத் தோள் கொடுக்க வேண்டியது சுற்றியிருக்கும் நாம். ஒரு மூட்டை அரிசியும் ஒரு மாத வாடகையும் கைமாற்றாகக் கிடைத்தால் அவன் தலை நிமிர்ந்து பேசுவான். சங்கம் என்று ஒன்று இருப்பது பொங்கல் விழா நடத்துவதற்கு மட்டுமா?

நம்மவர்களுக்கும் ஒரு சொல். பட்டறை வைத்திருக்கும், கடை வைத்திருக்கும் தமிழ்ப் பெரியவர்களே! ஊரிலிருந்து பையனை அழைத்து வருகிறீர்கள். சோறு போடுகிறீர்கள், தங்க இடம் தருகிறீர்கள். ஆனால் சம்பளம் எவ்வளவு என்று அவனிடமும் அவன் பெற்றோரிடமும் முதல் நாளே சொல்லுங்கள். "நம்ம பையன்தானே" என்பது பாசமாக இருக்கட்டும். கணக்கை மறைக்கும் திரையாக வேண்டாம்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். அன்று நம்மைச் சுட்டிய அதே விரல், இன்று நம் கையில் முளைத்திருக்கிறது. பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளியைக் காட்டி, "இவன் குறைத்து வாங்கிக் கெடுக்கிறான்" என்கிறோம். அவன் நம்மைப் போலவே பேசத் தெரியாமல் வந்தவன். அவனை வெறுத்தால் கூலி ஏறாது. "இந்த வேலைக்கு இங்கே இவ்வளவு ரேட், இதற்குக் குறைந்து ஒப்புக்கொள்ளாதே" என்று அவனிடம் அவன் மொழியில் சொன்னால் ஏறும். அவனுக்கும் ஏறும், நமக்கும் ஏறும்.

தோழர்களே! இந்த மாதம் புது வேலைக்குப் போகும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், நெற்றியில் திருநீறு இடுகிறீர்களோ, வாழ்த்துச் சொல்லி அனுப்புகிறீர்களோ, அது உங்கள் விருப்பம். கூடவே ஒரு சொல்லையும் சொல்லி அனுப்புங்கள்: "கேட்டுவிட்டுச் சேர்."

ஊதியம் பிச்சையன்று, உழைப்பின் விலை! விலையை முன்பே பேசுவோம்! ஒன்றுபட்டுப் பேசுவோம்!